ரீல் கரகரக்கிறது, நரம்பு சிக்குகிறது: படகுத்துறைத் தூண்டிலுக்குப் பிழை நீக்கும் வழிமுறை

சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் பிடோக் படகுத்துறை கடலுக்குள் ஏறக்குறைய 250 மீட்டர் நீண்டு கிடக்கிறது. வார இறுதி இரவுகளில் அதன் தடுப்புக் கம்பி நெடுகத் தூண்டில் கோல்கள் சாய்ந்திருக்கும். அங்கே பக்கத்தில் நிற்பவர்களின் ரீல்களை, அதாவது கோலில் நரம்பு சுற்றும் சக்கரங்களைப் பார்த்துச் சரிசெய்து கொடுப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. கோளாறுகள் புதிது புதிதாக வருவதில்லை. அதே சிலதான் ஆள் மாறி ஆள் மாறி வருகின்றன. "ரீல் போய்விட்டது" என்று நீட்டுபவர்களில் பெரும்பாலோருடைய ரீல் போயிருப்பதில்லை. நரம்பு, அதாவது தூண்டில் இழை, முறுக்கியிருக்கும், அல்லது எங்கோ ஒரு மூலையில் உப்பு உறைந்திருக்கும். நல்ல ரீலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குபவர்களைப் பார்க்கும்போது மனம் கேட்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்வதெல்லாம் கரையிலிருந்து எறியப் பயன்படும் ஸ்பின்னிங் ரீலுக்குப் பொருந்தும். பையில் வைத்திருக்க வேண்டியவை: சிறிய ஸ்குரூ டிரைவர், ரீல் எண்ணெய், கொஞ்சம் கிரீஸ், காது குடையும் பஞ்சுக்குச்சி, பழைய துணி, கொக்கியில் மாட்டும் மீன் தராசு. துரு நீக்கும் ஸ்பிரேயை எண்ணெய் என்று நினைத்து ரீலுக்குள் அடிக்காதீர்கள். உள்ளே இருக்கும் கிரீஸை அது கரைத்துவிடும்.

## நரம்பு கொத்தாகக் கொட்டிச் சிக்குகிறது

எல்லாவற்றிலும் அதிகம் வருவது இதுதான். முதலில் ஒரு சோதனை. ஒரு மீட்டர் நரம்பை இரண்டு கைகளுக்கும் நடுவே பிடித்து, கைகளை மெல்ல நெருக்குங்கள். நரம்பு வளைந்து தொங்கினால் முறுக்கு இல்லை. தானாகவே ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால் முறுக்கு ஏறியிருக்கிறது.

### முறுக்கு இல்லை, ஆனாலும் எறியும்போது கொட்டுகிறது

நரம்பு சுற்றியிருக்கும் பகுதியான ஸ்பூலைப் பாருங்கள். நரம்பு விளிம்பு வரை நிரம்பியிருந்தால் அதுவே காரணம். விளிம்புக்குக் கீழே 2 அல்லது 3 மில்லிமீட்டர் இடம் இருக்கும்வரை உருவி வெட்டிவிடுங்கள்.

அளவு சரியாக இருந்தால், நரம்பு தளர்வாகச் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். பல இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்ட் நரம்பில் இது அடிக்கடி நடக்கும். ஈயம் (எடைக்குண்டு) இல்லாமல் வெறும் நரம்பைச் சுற்றி எடுத்தால் மேலடுக்கு தளர்ந்துவிடும். அடுத்த எறிதலில் அந்த அடுக்கு மொத்தமாகக் கிளம்பும். ஈரத் துணியால் நரம்பைப் பிடித்து இழுவை கொடுத்தபடி மறுபடி சுற்றினால் சரியாகிவிடும்.

அதற்கும் அடங்கவில்லையென்றால், நரம்பு ஸ்பூலில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பக்கவாட்டில் பாருங்கள். முன்பக்கம் குவிந்து பின்பக்கம் பள்ளமாக இருந்தால், ஸ்பூலுக்கு அடியில் தண்டில் இருக்க வேண்டிய மெல்லிய வாஷர் தொலைந்திருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஸ்பூலைக் கழற்றும்போது அது அடியில் ஒட்டிக்கொண்டு வந்து, துறையின் இடுக்கில் விழுந்துவிடும். ஒரு வாஷர் சேர்த்தால் நரம்பு பின்பக்கம் நகரும். எடுத்தால் முன்பக்கம் நகரும். கடையில் மிகக் குறைந்த செலவில் கிடைக்கும்.

### முறுக்கு இருக்கிறது

முறுக்கு வரும் வழிகளை எளியதிலிருந்து சொல்கிறேன்.

எறியும்போது திறந்து, சுற்றும்போது நரம்பைப் பிடித்துக்கொள்ளும் வளைகம்பியை, எறிந்ததும் கைப்பிடி சுற்றி மூடுகிறீர்களா? கையால் மூடி, நரம்பை ஒருமுறை இழுத்துவிட்டுச் சுற்றத் தொடங்குங்கள். இந்த ஒரு பழக்கம் மாறினாலே பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடும்போது கைப்பிடியைச் சுற்றுகிறீர்களா? பக்கத்தில் நிற்பவர்கள் "சுற்று, சுற்று" என்று கத்துவார்கள். கேட்காதீர்கள். டிராக் என்பது மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் தடை. அது வழுக்கும்போது ஒரு சுற்றுச் சுற்றினால், ரீலின் பற்சக்கர விகிதம் எவ்வளவோ அத்தனை முறுக்கு நரம்பில் ஏறும். 5.2:1 விகித ரீலில் ஒரு சுற்றுக்கு ஐந்து முறுக்கு. ஒரு திருக்கையை இப்படிப் பத்து நிமிடம் இழுத்தால் அந்த நரம்பு அன்றைக்குப் பயன்படாது. மீன் ஓடும்போது கையை நிறுத்துங்கள். அது நின்றதும் கோலை மேலே தூக்கி, கோலைத் தாழ்த்தும்போது சுற்றுங்கள்.

இரை தண்ணீரில் பம்பரமாகச் சுழல்கிறதா? இறாலை வளைந்தபடி தூண்டில் முள்ளில் கோத்தால் நீரோட்டத்தில் சுழலும். நேராகக் கோத்து, வாலைக் கிள்ளிவிடுங்கள். நரம்பு முறுக்காமல் தான் சுழன்றுகொள்ளும் சிறு இணைப்பான ஸ்விவலை விரலால் சுழற்றிப் பாருங்கள். உப்பு ஏறி இறுகியிருந்தால் மாற்றுங்கள். விலை மலிவு, யோசிக்க வேண்டியதில்லை.

ஏறிய முறுக்கை எடுக்கப் படகுத்துறையைவிட நல்ல இடம் கிடையாது. முள், ஈயம், ஸ்விவல் எல்லாவற்றையும் அறுத்துவிட்டு, வெறும் நரம்பை நீரோட்டத்தின் போக்கில் விடுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் இழுப்பு பலமாக இருப்பதால் வேலை சுலபம். முறுக்கு ஏறிய நீளம் முழுதும் வெளியே போனபின் சில நிமிடங்கள் அப்படியே விட்டுவைத்து, துணியால் பிடித்தபடி திரும்பச் சுற்றுங்கள். பக்கத்தில் யாரும் தூண்டில் போட்டிராத முனையைத் தேர்ந்தெடுங்கள்.

இதற்குப் பிறகும் நரம்பு சுருள் சுருளாகவே இருந்தால் அதற்கு வயதாகிவிட்டது. மாற்றுங்கள். வெட்டிய நரம்பைத் துறையில் போடாதீர்கள். சிறு துண்டுகளாக நறுக்கிப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். கடற்பறவையின் காலில் சுற்றிய நரம்பு எலும்புவரை அறுத்துவிடும்.

## டிராக் சரியில்லை

### எவ்வளவு இறுக்கினாலும் நரம்பு போய்க்கொண்டே இருக்கிறது

வாஷரைக் கழற்றும் முன் ஒன்று செய்யுங்கள். டிராக்கை முழுதும் இறுக்கி, ஸ்பூலின் உலோக விளிம்பை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நரம்பை இழுங்கள். ஸ்பூல் அசையாமல் நரம்பு மட்டும் வந்தால் டிராக்கில் குறையே இல்லை. பிரெய்ட் நரம்பு ஸ்பூலின் வழவழப்பில் மொத்தமாக வழுக்குகிறது. அடியில் சில மீட்டர் சாதாரண நைலான் நரம்பைச் சுற்றி, அதன்மேல் பிரெய்டை முடிந்து ஏற்றினால் பிடித்துக்கொள்ளும். இந்தச் சோதனை தெரியாமல் புது ரீல் வாங்கியவர்கள் உண்டு. புது ரீலிலும் அதே நரம்பை அதே மாதிரி சுற்றி, அதே இடத்தில் வந்து நிற்பார்கள்.

பிடித்த விரலை மீறி ஸ்பூலே சுழன்றால் வாஷரைப் பார்க்க வேண்டும். டிராக் குமிழைக் கழற்றி, உள்ளே இருக்கும் வளையக் கம்பியைக் குச்சியால் நெம்பி எடுங்கள். அது துள்ளிப் பறக்கும், கையால் மறைத்துக்கொள்ளுங்கள். வாஷர்களை எடுத்த வரிசையிலேயே துணியின்மேல் அடுக்கி, கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். வரிசை மாறினால் டிராக் பிடிக்காது. கண்ட எண்ணெய் படிந்திருந்தால் துடையுங்கள். தேய்ந்து மெலிந்திருந்தால் வாஷர் தொகுப்பை மாற்றுங்கள். அந்த ரீலின் மாடல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். ஏறக்குறைய பொருந்துகிறது என்று போட்டால் பெரிய மீன் வரும்போது தெரிந்துவிடும்.

### பிடிக்கிறது, விடுகிறது, மறுபடி பிடிக்கிறது

மீன் ஓடும்போது டிராக் வழுவழுவென்று விட வேண்டும். திக்கித் திக்கி விட்டால், திக்கும் கணத்தில் நரம்பு அறும். வாரக்கணக்கில் இறுக்கியபடியே அலமாரியில் வைத்திருந்ததால் வாஷர்கள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். குமிழைத் தளர்த்தி, கையால் நரம்பைச் சில மீட்டர் இழுத்துவிட்டால் பல நேரம் சரியாகும். இல்லையென்றால் உப்புநீர் உள்ளே போயிருக்கிறது. கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். கம்பளித் துணி போன்ற வாஷர் உலர்ந்துபோயிருந்தால் டிராக்குக்கு என்றே விற்கும் கிரீஸை லேசாகத் தடவுங்கள். சாதாரண கிரீஸ் வேண்டாம்.

எவ்வளவு இறுக்குவது என்பதைக் கைக்கணக்கில் விடாதீர்கள். மீன் தராசை நரம்பில் கட்டி இழுங்கள். நரம்பு தாங்கும் எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் டிராக் விட வேண்டும். 20 பவுண்டு நரம்புக்கு 5 முதல் 6 பவுண்டு, அதாவது இரண்டரைக் கிலோ சுமார். பெரும்பாலோர் இதைவிட அதிகமாகவே இறுக்கி வைத்திருக்கிறார்கள்.

## கைப்பிடி கரகரவென்று சுற்றுகிறது

எப்போது கரகரக்கிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

### நரம்பில் பாரம் இருக்கும்போது மட்டும்

ரீலைத் திறக்காதீர்கள். வளைகம்பியின் ஓரத்தில், நரம்பு திரும்பும் இடத்தில் இருக்கும் சிறு உருளையைப் பாருங்கள். கைப்பேசி விளக்கை அதன்மேல் அடித்தால், உருளைக்கும் அதைத் தாங்கும் கரத்துக்கும் நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு தெரியும். அதுதான் உப்பு. விரல் நகத்தால் தள்ளினால் உருளை நகராது. சுழலாத உருளையின்மேல் நரம்பு உராய்ந்து போகும்போது வரும் அதிர்வுதான் கைப்பிடியில் கரகரப்பாகக் கேட்கிறது. முறுக்கும் இதிலிருந்தே ஏறும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சுக்குச்சியால் அந்தக் கோட்டைக் கரைத்துத் துடைத்து, காய்ந்ததும் ஒரே ஒரு துளி எண்ணெய் விடுங்கள். நகத்தால் தள்ளும்போது தங்குதடையின்றிச் சுழல வேண்டும். உருளையின் மேற்பரப்பில் நரம்பு கோடு கிழித்திருந்தால் உருளையையே மாற்ற வேண்டும். இல்லையேல் எத்தனை புது நரம்பு போட்டாலும் அது அறுத்துக்கொண்டே இருக்கும்.

### பாரம் இல்லாமலும் கரகரக்கிறது

முதலில் கைப்பிடித் திருகை இறுக்குங்கள். தளர்ந்த கைப்பிடியின் ஆட்டம் உள்ளே பல் உடைந்தது போலவே தோன்றும். அடுத்து ஸ்பூலைக் கழற்றிவிட்டுச் சுற்றுங்கள். சத்தம் நின்றால், ஸ்பூலுக்கு அடியில் நரம்புத் துண்டோ மணலோ சிக்கியிருக்கிறது. தண்டைத் துடைத்து ஒரு துளி எண்ணெய் விட்டால் போதும்.

ஸ்பூல் இல்லாமலும் கரகரத்தால், கைப்பிடி நுழையும் துளைகளின் இரு பக்கமும் உள்ள பேரிங்கில் துளி எண்ணெய் விட்டு, கொஞ்ச நேரம் சுற்றிப் பாருங்கள். குறைந்தால் பேரிங் உப்புப் பிடித்திருக்கிறது, விரைவில் மாற்றுங்கள். கொஞ்சமும் குறையாமல், ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தடுக்கினால் பற்சக்கரம் அடிபட்டிருக்கிறது.

பழுதுபார்ப்பவரிடம் கொடுக்க வேண்டியது இந்த இடத்தில்தான். ரீலின் உடலைத் திறந்தால் உள்ளே ஊசி மெல்லிய வாஷர்களும் ஸ்பிரிங்குகளும் இருக்கும். ஒன்று தவறினாலும் திரும்பப் பூட்ட முடியாது. செலவைப் பற்றி என் கருத்து: பற்சக்கரமும் பேரிங்கும் சேர்ந்து புது ரீல் விலையில் பாதியைத் தொட்டால், மலிவான ரீலுக்கு அந்தச் செலவு வேண்டாம். நல்ல ரீலாக இருந்தால் தயங்காமல் செய்யுங்கள்.

### ஏன் மறுபடி மறுபடி வருகிறது

கழுவும் முறையில்தான் கோளாறு. குழாயை வேகமாகத் திறந்து பீய்ச்சி அடித்தால் உப்பு வெளியே வராது, தண்ணீரோடு உள்ளே போகும். வாளியில் முக்கி வைப்பது அதைவிட மோசம். வீட்டுக்கு வந்த அன்றே டிராக்கை இறுக்கிவிட்டு, பூவாளியில் விழுவது போன்ற மென்மையான நீரில் கொஞ்ச நேரம் காட்டி, உதறி, துணியால் ஒற்றி, டிராக்கைத் தளர்த்தி நிழலில் வையுங்கள். வெந்நீர் கூடாது, வெயிலும் கூடாது.

## கைப்பிடி பின்னோக்கிச் சுழன்றுவிடுகிறது

மீன் இழுத்ததும் கைப்பிடி திரும்பச் சுழன்று விரல் மூட்டில் அடிக்கும். ரீலின் அடியில் நெம்புகோல் இருந்தால் யாரோ அதைத் தட்டியிருக்கலாம், பார்த்துத் திருப்புங்கள். புதிய ரீல்கள் பலவற்றில் அந்த நெம்புகோல் கிடையாது. அப்படியென்றால் உள்ளே இருக்கும் ஒருவழிப் பேரிங் வழுக்குகிறது. அளவுக்கு மீறி எண்ணெய், கிரீஸ் விட்டவர்களின் ரீலில்தான் இதை அதிகம் பார்க்கிறேன். அந்தப் பேரிங்குக்குக் கிரீஸ் ஆகாது. கழற்றத் தெரிந்தவர்கள் கிரீஸைத் துடைத்து, மெல்லிய எண்ணெயைத் தொட்டும் தொடாமலும் வைக்கலாம். தெரியாதவர்கள் கடையில் கொடுங்கள். அதுவரை அந்த ரீலில் பெரிய மீனுக்குப் போகாதீர்கள்.

## எறியும்போது நரம்பு அறுந்து ஈயம் பறக்கிறது

இது மீனை இழக்கும் கோளாறு மட்டுமல்ல. படகுத்துறையில் பின்னால் சைக்கிள் போகும், குழந்தைகள் நடப்பார்கள். 4 அவுன்ஸ் ஈயம் தலையில் பட்டால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒருமுறை அறுந்தால் காரணம் தெரியும்வரை மறுபடி எறியாதீர்கள்.

வளைகம்பி எறியும் நடுவில் தானாக மூடிக்கொள்கிறதா? அதன் ஸ்பிரிங் களைத்திருக்கிறது, அல்லது திருகு தளர்ந்திருக்கிறது. இரண்டுமே சிறு செலவுதான்.

இல்லையென்றால், கோலின் வளையங்களுக்குள் பஞ்சுக்குச்சியை ஒவ்வொன்றாக விட்டுச் சுற்றுங்கள். பஞ்சு இழை எங்கே மாட்டுகிறதோ அங்கே உள்வளையம் கீறியிருக்கிறது. நுனி வளையத்தை இருமுறை பாருங்கள், அதுதான் தடுப்புக் கம்பியில் அடிக்கடி மோதும். நுனி வளையத்தைச் சூட்டில் உருகும் பசையால் நீங்களே மாற்றிக்கொள்ளலாம். நடு வளையம் என்றால் நூல் சுற்றிப் பூச்சுப் பூச வேண்டும். கோல் செப்பனிடுபவரிடம் கொடுங்கள்.

வளையங்களும் நன்றாக இருந்தால், நுனியில் கட்டும் முன்நரம்பு (லீடர்) மெலிதாக இருக்கிறது. ஒரு அவுன்ஸ் ஈயத்துக்கு 10 பவுண்டு என்பது பழைய கணக்கு, நல்ல கணக்கு. 4 அவுன்ஸ் எறிபவர் 40 பவுண்டு லீடர் கட்ட வேண்டும்.

## ரீல் கடலில் விழுந்துவிட்டது

எடுத்துவிட்டீர்களா? இனி அவசரம். அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். வெளியே காய்ந்ததும் நன்றாகச் சுற்றும், அதை நம்பாதீர்கள். உள்ளே கடல்நீர் நிற்கிறது. ஓரிரு நாள்களுக்குள் திறந்து சுத்தம் செய்யக் கொடுங்கள்.

## ஈயம் அடியில் மாட்டிக்கொண்டது

கோலை வளைத்து இழுக்காதீர்கள், உடைவது கோல்தான். நரம்பைக் கையில் பிடித்து வில் நாணைப் போல் இழுத்து இழுத்து விடுங்கள். பல நேரம் ஈயம் பின்பக்கமாகத் துள்ளி விடுபடும். அடுத்து, துறையில் பத்து இருபது அடி தள்ளி நின்று வேறு கோணத்தில் இழுங்கள். அதற்கும் வராவிட்டால் கோலை நரம்பின் நேர்கோட்டில் நீட்டி, ஸ்பூலை அழுத்திப் பிடித்து, பின்னோக்கி நடங்கள். பிரெய்டை வெறுங்கையில் சுற்றக் கூடாது, சதையை வெட்டும். துணி சுற்றிய கட்டையில் சுற்றுங்கள்.

தூண்களைச் சுற்றிக் கொட்டலசு என்னும் கூரான ஓட்டு உயிரி ஒட்டியிருக்கும், அங்கே நரம்பு உரசினால் அறும். தொடர்ந்து மாட்டினால், ஈயத்தை மட்டும் மெலிந்த நரம்பில் கட்டுங்கள். ஈயம் போனாலும் மீன் வரும்.

## இரை மட்டும் காணாமல் போகிறது

முள்ளை எடுத்துப் பாருங்கள். இரை பிறை வடிவில் சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தால் பேத்தை மீன். நரம்பையே கத்தரித்துவிடும், இடம் மாறுங்கள். பிடிபட்டால் சமைக்கவே கூடாது, அதன் நஞ்சு வெந்தாலும் போகாது. நார் நாராகக் கிழிந்திருந்தால் நண்டு; இரை தரையில் கிடக்காமல் கொஞ்சம் உயர்த்திக் கட்டுங்கள். இறாலின் தலை மட்டும் மிஞ்சியிருந்தால் சிறு மீன்கள். முள்ளின் அளவைக் குறைத்தால் அவையே கிடைக்கும், இல்லையென்றால் இறாலுக்குப் பதில் கணவாய்த் துண்டு போடுங்கள். எளிதில் பிய்ந்து போகாது.

## முள் கையில் ஏறிவிட்டது, மீன் குத்திவிட்டது

முள்ளின் எதிர்க்கொக்கி வரை சதைக்குள் போயிருந்தால் பிடுங்காதீர்கள். நரம்பை அறுத்துவிட்டு, முள் அசையாமல் துணி சுற்றி, பலதுறை மருந்தகத்துக்கோ மருத்துவமனைக்கோ போங்கள். கண்ணிலோ அதன் அருகிலோ என்றால் தொடவே கூடாது, உடனே ஆம்புலன்ஸுக்கு 995.

கெளுத்தியின் முதுகு முள்ளும் இரு பக்க முள்களும் நஞ்சுள்ளவை. குத்திய இடத்தைப் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் வையுங்கள், 45 டிகிரிக்கு மேல் வேண்டாம். 30 முதல் 90 நிமிடம் வரை வைத்தால் வலி அடங்கும். வலியில் சூடு தெரியாது, ஆகவே மற்றவர் கையை விட்டுப் பார்க்கட்டும். முள் துண்டு உள்ளே நின்றாலும், வீக்கம் ஏறினாலும் மருத்துவர்தான். திருக்கையின் முள் மார்பிலோ வயிற்றிலோ கழுத்திலோ பதிந்திருந்தால் பிடுங்காமல் 995-ஐ அழையுங்கள்.

## கோல் ரீங்காரமிடுகிறது

வானம் கறுத்திருக்கும்போது கார்பன் கோல் "ஈ" என்று இரைந்தாலோ, கையில் மயிர் சிலிர்த்தாலோ ஆராய ஒன்றுமில்லை. மின்னல் மிக அருகில் இருக்கிறது. நரம்பைச் சுற்றி எடுக்க முயலாமல் கோலைக் கீழே போட்டுவிட்டு, துறையை விட்டு நடந்து, கட்டடத்துக்குள் போங்கள். பக்கத்தில் நிற்பவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை கோல் அங்கேயே கிடக்கட்டும்.